பதகளிக்கும் மனமும் பேச்சு மருத்துவமும்

கால் இடறி விழுந்தால் காயத்தை ஊராருக்குக் காட்டுகின்றோம். காய்ச்சல் கண்டால் அயலவருக்குச் சொல்லுகின்றோம். மனம் கலங்கினால் மாத்திரம் கதவைச் சாத்திக்கொள்ளுகின்றோம். இவ்வழக்கம் எம்மவரிடையே எக்காலத்தில் வேரூன்றியதோ அறியேன். அதனால் விளையும் துன்பத்தை மாத்திரம் நன்கறிவேன். அத்துன்பத்தில் ஐந்து மாத காலம் உழன்றவன் நான்.

இருபது ஆண்டுகளாக மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். மேடையேறிப் பேசுதற்கோ, ஒரு மண்டபம் நிறைந்த பிள்ளைகளைப் பார்வையாலே அடக்குதற்கோ என்றும் அஞ்சியவனல்லன். அத்தகைய என்னையும் ஒருநாள் அச்சம் பற்றிக்கொண்டது. அந்த வரலாற்றை இங்கே எழுதுவது பெருமைக்காக அன்று. இதே நிலையில் வாய் திறவாதிருக்கும் ஒருவரேனும் இதனைப் படித்துத் தெளிவு பெறுவாராயின் அதுவே போதுமானது.

நள்ளிரவில் வந்த அச்சம்

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த காலம். பகலிற் பாடசாலை, மாலையில் மேலதிக வகுப்பு, இரவில் விடைத்தாட் கட்டுகள் என நாட்கள் ஓடின. வீடு கட்டுதற்கு வங்கியிற் பெற்ற கடனுக்கு வட்டி ஏறியிருந்தது. தந்தையார் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். போதாக்குறைக்குக் கைத்தொலைபேசியும் ஓயவில்லை. ஆசிரியர்க்கு ஒன்று, பெற்றோர்க்கு ஒன்று, பழைய மாணவர்க்கு ஒன்று என வட்ஸ்அப் குழுக்கள் ஐந்தாறு இருந்தன. படுக்கைக்குப் போன பின்னரும் ஒன்று மாறி ஒன்று செய்தி வந்துகொண்டேயிருக்கும்.

ஓரிரவு 2 மணியளவில் திடுக்கிட்டெழுந்தேன். நெஞ்சு பறையறைவதுபோல் அடித்தது. மூச்சு முட்டியது, கைவிரல்கள் விறைத்தன, உடல் முழுவதும் வியர்த்தது. மனைவி விளக்கை ஏற்றி, "என்னப்பா செய்யுது?" என்று பதறினாள். மறுமொழி சொல்ல நா எழவில்லை. "முடிந்தது, பிள்ளைகள் தகப்பனற்றவர்களாயினர்" என்னும் ஓரெண்ணமே என் உள்ளத்தில் நின்றது.

அயல்வீட்டுத் தம்பியின் முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். பொழுது விடியும்போது வைத்தியர் வந்து, "இருதயத்தில் ஒரு குறையும் இல்லை. இது மனப் பதகளிப்பாக இருக்கலாம். உளநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள்" என்று துண்டொன்று எழுதித் தந்தார்.

உயிர் தப்பினேன் என்று மகிழ்ந்திருக்க வேண்டும். நானோ வெகுண்டேன். "என்னைப் பைத்தியம் என்கின்றாரா?" என்று மனைவியிடம் சினந்தேன். அத்துண்டு பாடக்குறிப்புப் புத்தகத்தின் நடுவே ஐந்து மாதங்கள் கிடந்தது.

அந்த ஐந்து மாதங்களில் என் உலகம் சிறிது சிறிதாகச் சுருங்கிற்று. திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் நிற்கும்போது ஒருமுறை நெஞ்சு படபடத்தது. அன்றுமுதல் ஏதேனும் சாட்டுச் சொல்லி அலுவலகத்தில் இருந்துவிடுவேன். பஸ்ஸில் ஏறினால் கதவருகிலேயே நிற்பேன். மாடிப்படி ஏறுவதை விட்டேன். நாளொன்றுக்குப் பன்முறை மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். நல்லூர்க் கந்தனின் மகோற்சவம் வந்தது. இருபத்துநான்காம் நாள் தேர். சனக்கூட்டத்தை நினைத்தவுடனே வியர்த்தது, போகாமலே இருந்துவிட்டேன். அன்று மாலை இளைய மகள் வந்து, "அப்பா, நீங்கள் ஏன் எங்களோட தேருக்கு வரேல்லை?" என்று கேட்டாள். பொய் சொன்னேன். அன்றிரவு அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன்.

உடல் பொய் சொல்லுவதில்லை

இந்நோயின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஒழுங்கையிற் செல்லும்போது நாயொன்று உறுமிப் பாய்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அக்கணமே சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அதிரினலின் என்னும் சுரப்பை இரத்தத்திற் கலக்கின்றன. இருதயம் விரைந்தடிக்கின்றது; மூச்சு வேகமாகின்றது; இரத்தம் கைகால்களின் தசைகளுக்குப் பாய்கின்றது; வயிற்றின் வேலை தடைப்படுகின்றது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிவிட்டது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியலறிஞர் வோல்ட்டர் கெனன் இதனை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

ஆகவே நெஞ்சு படபடத்தல் நோயன்று, காவல். நாய் போனதும் காவலும் ஓயும். ஆனால் வங்கிக் கடிதம் பாய்ந்து கடிப்பதில்லை, கடித்துவிட்டுப் போவதுமில்லை. பிள்ளையின் பரீட்சை, தந்தையின் நோய், தொலைபேசியின் ஒலி ஆகிய இவற்றினின்றும் ஓடுதற்கு வழியில்லை. இவற்றோடு மல்லுக்கட்டுதற்கும் இடமில்லை. காவற்காரன் மாத்திரம் இரவு பகலாக மணியடித்துக்கொண்டே நிற்கின்றான். நாளடைவில் காரணமின்றியும் அடிக்கத் தொடங்குகின்றான். இந்நிலையையே எமது நாட்டு உளநல வைத்தியர்கள் பதகளிப்பு என்று வழங்குகின்றனர்.

இஃது அரிதாக ஒருசிலர்க்கு மாத்திரம் வருவதன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் 30 கோடிக்கும் அதிகமானோர் பதகளிப்பு நோய்களால் வருந்தினர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் ஏதேனுமொரு சிகிச்சை பெறுவோர் நால்வருக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ளனர். எஞ்சியோர் என்னைப்போலத் துண்டைப் புத்தகத்தினுள் வைத்திருப்போர் போலும்.

இக்காலத்துக்கே உரியதா?

"அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இருந்ததா? எல்லாம் இந்தத் தொலைபேசியால் வந்த வினை" என்பார் பலர். அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லலாம். நியூயோர்க் நகரத்து வைத்தியர் ஜோர்ஜ் பியர்ட் என்பார் 1869ஆம் ஆண்டிலே, களைப்பும் உறக்கமின்மையும் காரணமற்ற அச்சமும் கொண்டு தம்மிடம் வந்தோரின் நோய்க்கு நரம்புத் தளர்ச்சி எனப் பொருள்படும் பெயரொன்றை வழங்கினார். 1881இல் அவர் எழுதிய நூலில் அதற்குக் காட்டிய காரணங்கள் எவை? நீராவி இயந்திரம், தந்தி, பத்திரிகை என்பன அவற்றுட் சில. தந்தி வந்து மனிதனின் அமைதியைக் குலைத்துவிட்டது என்று அன்று வருந்தினர். தொலைபேசி வந்து குலைத்துவிட்டது என்று இன்று வருந்துகின்றோம். கருவி மாறுகின்றது, காவற்காரன் மாறவில்லை.

எம்மவர் கேட்கும் மற்றொரு கேள்வி இதனினும் கூரியது. "ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்கள் நாங்கள். அன்று வராத பயம் இன்றைக்கு வீட்டிலிருக்கும்போது ஏன் வருகின்றது?" நானும் என்னை நாணச் செய்துகொண்டது இந்தக் கேள்வியினாலேயே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது நான் பதினைந்து வயதுச் சிறுவன். மழையில், இருளில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்த கூட்டத்தில் தாயாரின் கையைப் பிடித்தபடி நடந்தேன். அன்று எனக்கு மூச்சு முட்டவில்லையே!

பின்னர் உளவளத்துணையாளரோடு பேசியபோதுதான் விடை புலனாயிற்று. அன்று ஆபத்து வெளியே இருந்தது. செய்யத்தக்க காரியமும் இருந்தது: நடக்க வேண்டும், தண்ணீர் தேட வேண்டும், பதுங்குகுழியில் இறங்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே துன்பம், ஒருவரையொருவர் மறைக்கவில்லை. இன்றைய கவலையோ ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் தனித்தனியே பூட்டப்பட்டிருக்கின்றது; எப்போது முடியும் என்றும் தெரியாது. அன்றியும், அன்றைய அச்சம் உண்மையிலேயே எம்மை விட்டுப் போய்விட்டது என்றும் சொல்லுதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் தமிழர் உள்ளத்தில் விட்டுச்சென்ற வடுக்களை ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியுள்ளார். வடு ஆறிய தோலும் தொட்டால் நோவது உண்டன்றோ?

பேச்சு மருந்தானது எவ்வாறு?

பேசுவதனால் நோய் தீருமோ என்று ஐயுறுவோர்க்கு, இம்முறை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன்.

1880ஆம் ஆண்டில் வியன்னா நகரில், நோயுற்ற தந்தையாரைப் பராமரித்துவந்த பேர்த்தா பாப்பன்ஹைம் என்னும் இளம்பெண்ணுக்குக் கை கால் செயலிழந்தது. பார்வையும் பேச்சும் குழம்பின. வைத்தியர் ஜோசப் புரோயர் நாள்தோறும் அவளருகிருந்து அவள் சொன்னவற்றைச் செவிமடுத்தார். மனத்திலுள்ளதைச் சொல்லச் சொல்ல அவளுக்குத் துன்பம் தணிந்தது. அவளே அதற்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயரிட்டாள். புரோயரும் அவருடைய இளைய நண்பர் சிக்மண்ட் புரொய்டும் 1895இல் வெளியிட்ட நூலில், பெயரை மறைத்து இவ்வரலாறு இடம்பெற்றது. அப்பெண் அச்சிகிச்சையோடு முற்றாகக் குணமடைந்துவிடவில்லை; பின்னும் சில ஆண்டுகள் துன்புற்றாள். எனினும் பிற்காலத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தொண்டாற்றும் பெருந்தலைவியாக விளங்கினாள். 1954இல் மேற்கு ஜேர்மனி அவளது உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. மனம் நொந்தவர் வாழ்க்கையில் தோற்றவரல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அடுத்த படி அச்சத்தைப் பழக்கத்தால் வெல்லுதல். 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், முயலைக் கண்டு அலறும் பீற்றர் என்னும் சிறுவனைக் குறித்து எழுதினார். அவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கும்போது முயற்கூட்டை எட்டத்தில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்கினார். ஈற்றில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய தென்னாபிரிக்கர் ஜோசப் வோல்பே, இந்நெறியை வளர்ந்தோர்க்கும் பயன்படுமாறு ஒழுங்குபடுத்தி 1958இல் நூலாக்கினார். உடலைத் தளர்த்தப் பழகுதல், அச்சந் தருவனவற்றைச் சிறியது முதல் பெரியது வரை பட்டியலிடுதல், படிப்படியாக ஏறுதல் என்பனவே அவர் வகுத்த வழி.

மூன்றாவது படி எண்ணத்தைச் சோதித்தல். பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் உளமருத்துவர், புரொய்டின் மரபிற் பயின்றவர், 1960களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். நோயாளர் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் வேறோர் எண்ண ஓட்டம் மின்னலெனப் பாய்ந்துகொண்டிருந்தது. "நான் எதற்கும் உதவாதவன்", "இவர் என்னை வெறுக்கின்றார்" என்பனபோன்ற அவ்வெண்ணங்களை அவர்கள் உண்மையென்றே கொண்டு வாடினர். உண்மையோ என்று ஒருபோதும் ஆராய்ந்தாரல்லர். அவற்றை வெளியே எடுத்து, சான்று உண்டா என்று நோயாளரும் வைத்தியரும் சேர்ந்து ஆராயும் முறையைப் பெக் வகுத்தார். 1921இற் பிறந்த அவர் நூறு வயது வாழ்ந்து 2021இல் மறைந்தார். பழக்கமும் எண்ணமும் ஆகிய இவ்விரு நெறிகளும் கலந்ததே இன்று அறிகை நடத்தைச் சிகிச்சை எனப்படுகின்றது. என் நோய்க்கு நேரே பொருந்தும் விளக்கத்தை 1986இல் இங்கிலாந்தின் டேவிட் கிளார்க் எழுதினார்: உடலில் எழும் சாதாரணப் படபடப்பைச் சாவின் அறிகுறி என்று மனம் பிழையாகப் பொருள்கொள்ளுகின்றது, அதனாற் பயம் மிகுகின்றது, பயத்தாற் படபடப்பு மேலும் மிகுகின்றது. இச்சக்கரத்தை அறுப்பதே சிகிச்சை.

அந்த அறையில் நடந்தது

உளவளத்துணையாளரைக் கண்டதும் என் மனம் சோர்ந்தது. என் மாணாக்கருள் ஒருவனாக இருக்கத்தக்க இளைஞர் அவர். "இப்பிள்ளைக்கா என் குறையைச் சொல்லுவது?" என்று தோன்றிற்று. அவரோ எழுந்து நின்று, "வாங்கோ சேர், இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். எனக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கேட்டார். என் வாழ்நாளில் இடைமறிக்காமல் ஒருவர் என் பேச்சை அவ்வளவு நேரம் கேட்டது அதுவே முதன்முறை.

இரண்டாவது சந்திப்பில் ஒரு கொப்பி வாங்கி மூன்று நிரல் கீறச் சொன்னார். படபடப்பு வரும்போது எங்கே நின்றேன் என்பது முதல் நிரலில்; மனத்தில் ஓடிய எண்ணம் இரண்டாவதில்; அவ்வெண்ணத்துக்குச் சார்பான சான்றும் எதிரான சான்றும் மூன்றாவதில். "பிறர் எழுதிய விடைகளை ஆயிரக்கணக்கில் திருத்தியிருப்பீர்கள். உங்கள் எண்ணத்தையும் ஒரு விடையென்று வைத்துத் திருத்துங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து எழுதினேன். "இப்போது என் இருதயம் நின்றுவிடும்" என்ற எண்ணத்துக்குச் சார்பாக எழுதச் சான்று ஒன்றே இருந்தது: நெஞ்சு அடிக்கின்றது. எதிராக எழுதியவை பக்கத்தை நிரப்பின. ஒரு மாணாக்கன் இத்தகைய விடையை எழுதியிருப்பின் நான் பூச்சியமே இட்டிருப்பேன்.

நான்காவது சந்திப்பில் என்னை வெளியே அழைத்துச் சென்று மாடிப்படிகளைக் காட்டி, விரைந்து ஏறி இறங்கச் சொன்னார். அஞ்சி மறுத்தேன். தாமும் உடன் ஏறினார். மூன்று முறை ஏறி இறங்கினோம். நெஞ்சு முன்போலவே பறையறைந்தது. அவர் அருகில் நின்று, "இப்பொழுது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கின்றீர்கள்?" என்று வினவினார். "விழுந்துவிடுவேன்" என்றேன். காத்திருந்தோம். சில நிமிடங்களில் படபடப்புத் தானாகவே தணிந்தது. படபடப்பு மெய், அதன் பொருளாக நான் கொண்ட எண்ணமே பொய் என்பதை எந்த நூலும் புகட்டாத அளவுக்கு அந்தப் படிக்கட்டுப் புகட்டிற்று.

பின்னர்ப் பட்டியல் ஒன்று இட்டோம். பஸ்ஸின் நடுவில் நிற்றல், நாடி பாராமல் ஒரு நாள் இருத்தல், காலைக் கூட்டத்தில் பின்வரிசையில் ஐந்து நிமிடம், பின்னர் முழுநேரம், ஈற்றில் தேர். விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் அச்சத்துக்கு உணவளிக்கின்றோம் என்பதையும், நின்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது மெலிகின்றது என்பதையும் அந்நாட்களிற் கண்டேன். மூன்று மாதங்களில் பத்துச் சந்திப்புகள். கடன் குறையவில்லை, தந்தையார் எழவில்லை. ஆயினும் கடனைக் கடனாகவும், நோயை நோயாகவும் காணும் தெளிவு வந்தது. இரவு 9 மணிக்குப் பின் கைத்தொலைபேசியை மற்றை அறையில் வைத்துவிடும் வழக்கமும் வந்தது.

எல்லார்க்கும் இம்முறை ஒன்றே போதும் என்று சொல்லேன். சிலர்க்கு மருந்தும் வேண்டும். அதனை வைத்தியரே தீர்மானிப்பார். மருந்து உண்போர் தாமாக நிறுத்துதல் தவறு. நெஞ்சுநோவும் மூச்சுத்திணறலும் முதன்முதலில் வரும்போது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதலே முறை. இருதயத்திற் குறையில்லை என்று வைத்தியர் சொன்ன பின்னரே மனத்தைப் பற்றி எண்ண வேண்டும்.

ஹராரே நகரத்து வாங்கு

"எல்லாஞ் சரி, இத்தனை பேருக்கும் உளவளத்துணை செய்ய ஆட்கள் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செல்வ நாடான இங்கிலாந்து, 2008இல் ஆயிரக்கணக்கானோரைப் பயிற்றிப் பேச்சுச் சிகிச்சையை அரசாங்கச் செலவிலேயே வழங்கத் தொடங்கியது. எமக்கு அண்மையான பாடம் ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வேயிலிருந்து வருகின்றது.

அந்நாட்டில் உளமருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவருள் ஒருவரான டிக்சன் சிபாண்டா, தம்மிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் பஸ் கட்டணத்துக்குப் பணமின்றி வரமுடியாது போய்த் தன்னுயிரை மாய்த்துக்கொண்டதை அறிந்து நிலைகுலைந்தார். நோயாளர் வைத்தியசாலைக்கு வரமுடியாவிடின், சிகிச்சை நோயாளரிடம் செல்ல வேண்டும் என்று துணிந்தார். 2006இல் ஹராரே நகரத்து ஏழைகள் வாழும் பகுதியொன்றில் பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றினார். சிறு சுகாதார நிலையங்களின் முற்றத்தில், மரநிழலில், ஒரு மரவாங்கு. அதில் ஒரு பாட்டியும் துன்புற்ற ஒருவரும். கேட்டல், பல துன்பங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல், அதற்கு இயலத்தக்க வழியொன்றை அவரே காணுமாறு துணைநிற்றல், மறுமுறை வரும்போது என்ன ஆயிற்று என்று விசாரித்தல் என்பனவே சிகிச்சை.

முதலில் அதற்கு மனநல வாங்கு என்று பெயர் வைக்க எண்ணினார் வைத்தியர். "அப்பெயரைக் கண்டால் ஒருவரும் வந்து இருக்கமாட்டார்" என்றனர் பாட்டிமார். நட்பு வாங்கு என்று பெயர் மாறியது; மக்கள் வந்தனர். அம்மக்களின் ஷோனா மொழியில் இந்நோய்க்கு வழங்கும் சொல்லின் பொருள் அளவுக்கு மிஞ்சிய யோசனை என்பதாகும். "அவருக்கு யோசனை கூடிப்போச்சு" என்று எம்மவர் சொல்லுவதும் இதுவேயன்றோ!

இது வெறும் ஆறுதற் பேச்சன்று என்பதை ஆய்வும் காட்டிற்று. 24 சுகாதார நிலையங்களில் 573 நோயாளரைக்கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2016 டிசெம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. பதினான்கு வினாக்கள் கொண்ட பட்டியலால் மனத்துன்பத்தை அளந்தனர். ஆறு மாதங்களின் பின் வழக்கமான சிகிச்சை பெற்றோரின் சராசரிப் புள்ளி 8.90, வாங்கிலிருந்து பேசியவர்களின் புள்ளி 3.81. புள்ளி குறையத் துன்பமும் குறைவு என்பதை நினைவிற் கொள்க.

எமது இல்லங்களில்

எமது நாட்டில் வசதிகள் இல்லாமலில்லை. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உள்ளனர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்னும் எண்ணம் ஒருவர்க்குத் தோன்றுமாயின் ஒரு நாளும் தாமதியாது உதவி நாட வேண்டும். அவரைத் தனியே விடுதலும் ஆகாது.

வைத்தியசாலைக்கு முன்னே வீடு இருக்கின்றது. பெருமூச்சு விடும் கணவனையோ, காரணமின்றிச் சினக்கும் மனைவியையோ, இரவில் உலாவும் தமையனையோ கண்டால் நாம் சொல்லுவது என்ன? "யோசியாதே." காய்ச்சற்காரனைப் பார்த்துச் சுடாதே என்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. "சாமியைக் கும்பிடு; சரியாய்ப் போகும்" என்பதும் உண்டு. கும்பிடுதல் நன்று, நானும் கும்பிட்டேன். கால் முறிந்தவன் கும்பிட்டுவிட்டு வைத்தியரிடமும் போகின்றான். மனம் முறிந்தவனை மாத்திரம் நாம் ஏன் தடுக்க வேண்டும்? "என்ன செய்யுது, சொல்லுங்கோ" என்று கேட்டு, மறுமொழி வரும்வரை பொறுத்திருத்தல் மேலானது. என் மனைவி அந்த ஐந்து மாதமும் அவ்வாறே கேட்டாள். மறுமொழி சொல்லாதவன் நானே.

இவ்வாறு எழுதுவதனால் என் மாணாக்கர் சிரிப்பாரோ, உடனாசிரியர் கீழ்க்கண்ணாற் பார்ப்பாரோ என்ற எண்ணம் இதனை எழுதும்போதும் வராமலில்லை. கொப்பியை எடுத்து அதனையும் மூன்று நிரலில் இட்டுத் திருத்தினேன். அவ்வெண்ணத்துக்குப் புள்ளி குறைவாகவே கிடைத்தது.

மறு ஆண்டு தேர்த்திருவிழா வந்தது. விடியற்காலையிலேயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீதிக்குச் சென்றேன். தேர் அசைந்தபோது கூட்டம் நெருக்கிற்று. நெஞ்சு படபடத்தது. மகள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். "அப்பாவுக்கு நெஞ்சு கொஞ்சம் வேகமாய் அடிக்குது, இப்ப தணிஞ்சுவிடும்" என்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். தேர் இருப்பிடம் வந்து சேரும்வரை அங்கேயே நின்றோம்.